கோத்தகிரியில் கண்டதும் கொடைக்கானலில் கண்டதும் ஒரே நீலப் பறவையா?

கேள்வி: பழையநோட்டு

அனைவருக்கும் வணக்கம். நான் பறவையியல் படித்தவன் அல்லன். பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுமுறை நாள்களில் மலைக்காடுகளில் நடப்பதும், கண்ட பறவைகளை அன்று மாலையே நோட்டில் எழுதி வைப்பதும் என் முப்பது ஆண்டுப் பழக்கம். அந்த நோட்டுகளில் ஒரு சிக்கல் எழுந்திருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

சென்ற மாதம் கொடைக்கானலில் பாம்பே சோலையின் ஓரமாக நடந்தபோது, ஓடைக்கரையில் குறிஞ்சிப் புதரின் அடியில் ஒரு சின்னப் பறவையைப் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும். ஆனால் கால்கள் நீளம். ஈரத்துணியால் துடைத்த கரும்பலகையைப் போன்ற சாம்பல் கலந்த நீலம் உடலெங்கும் பரவியிருக்க, வயிற்றின் நடுவில் மட்டும் வெள்ளை. கண்ணுக்கு முன்னால் கருப்பும், அதற்கு மேலே சின்னதாக ஒரு வெண்புருவமும் தெரிந்தன. அரை நிமிடம் தரையில் தத்திவிட்டுப் புதருக்குள் போனது, திரும்பி வரவே இல்லை. வீட்டுக்கு வந்து புதிய கையேட்டைப் பார்த்தால் ‘வெண்வயிற்று நீல ராபின்’ என்று இருக்கிறது. என் பழைய கையேட்டிலோ இதே பறவை ‘வெண்வயிற்று ஷார்ட்விங்’ (குட்டைச் சிறகுப் பறவை) என்ற பெயரில், நீலகிரியிலிருந்து தென்கோடி வரை காணப்படும் ஒரே இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது.

பழைய கையேட்டை நம்பி, மூன்று வேறு இடங்களில் கண்டவற்றை அந்த ஒரே பெயரில் எழுதி வைத்திருக்கிறேன். 1996 மே மாதம் கோத்தகிரி லாங்வுட் சோலையில் ஒன்று. 2003 ஜனவரியில் அதே சோலையில் இன்னொன்று. 1999 டிசம்பரில் மேல் கோதையாரில் மூன்றாவது. இப்போது இவற்றை என்ன பெயரில் திருத்துவது? நிறத்தைக் கொண்டு பிரிக்க இயலுமா, இல்லையேல் மலையின் பெயரைக் கொண்டே பிரித்துவிடலாமா என்பதைத் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: குறிஞ்சிப்புதர்

வணக்கம் ஐயா. கரும்பலகை உவமை மிகப் பொருத்தம். இந்தப் பறவையின் நீலத்தை இவ்வளவு சரியாகச் சொல்லி நான் படித்ததில்லை.

முதலில் நிறத்தைப் பார்ப்போம். நீலகிரியில் வாழும் இனத்துக்கும் பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வாழும் இனத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காண முதுகையோ தலையையோ பார்த்துப் பயனில்லை. இரண்டுக்கும் முதுகும் தொண்டையும் மார்பும் அதே சாம்பல் நீலந்தான். இரண்டும் சுமார் 15 செ.மீ. நீளம், இரண்டிலும் ஆணையும் பெண்ணையும் நிறத்தால் பிரிப்பது கடினம். பார்க்க வேண்டிய இடம் விலா. நீலகிரி இனத்தில் மார்பின் நீலம் முடிந்ததும் விலாப்பகுதி செம்பழுப்பாக மாறி, நடுவயிற்றில் வெண்மை இருக்கும். தெற்கே உள்ள வெண்வயிற்று இனத்தில் அந்தச் செம்பழுப்பே கிடையாது. மார்பின் சாம்பல் நீலம் அப்படியே விலா வழியாக இறங்கிவிடும், நடுவயிறு மட்டும் வெள்ளையாக நிற்கும். அடுத்ததாகப் புருவம். தெற்கு இனத்தில், நீங்கள் குறித்ததைப் போலவே, கண்ணுக்கு முன்னுள்ள கருப்பும் அதற்கு மேலுள்ள வெண்மையும் துலக்கமாகப் பிரிந்து தெரியும். நீலகிரி இனத்தில் புருவம் மங்கலாகி நீலத்தோடு கலந்துவிடும். ஆனால் சோலைக்குள் மாலை ஐந்து மணி வெளிச்சத்தில் புருவத்தை வைத்து முடிவெடுக்க நான் துணியமாட்டேன். விலாவின் நிறம் அந்த வெளிச்சத்திலும் ஏமாற்றுவது குறைவு.

ஆகவே கொடைக்கானலில் கண்டது வெண்வயிற்று இனமே என்பதில் எனக்கு ஐயமில்லை. கோத்தகிரிக் குறிப்புகளைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒன்றைக் கேட்க வேண்டும். 1996 மே, 2003 ஜனவரி ஆகிய இரண்டு குறிப்புகளிலும் தொண்டை, மார்பு, விலா ஆகியவற்றின் நிறமாக என்ன எழுதியிருக்கிறீர்கள்? மாதம் வேறுபடுவதால்தான் கேட்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.


பதில்: ஏட்டுச்சுவடி

பெயர்க் குழப்பத்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நீலகிரிப் பறவையை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் விவரித்து ‘மேஜர்’ என்ற இனப்பெயரைக் கொடுத்தார். தெற்குப் பறவை அதன் பின்னர்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. அமெரிக்க மதபோதகரான சாமுவேல் ஃபேர்பேங்க் பழனி மலையில் அதைக் கண்டறிய, 1860களில் பிளான்ஃபோர்டு அதற்கு ‘ஆல்பிவென்ட்ரிஸ்’, அதாவது வெண்வயிறு, என்று பெயரிட்டார். பின்வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் இரண்டு கிளையினங்களாகச் சேர்த்தபோது, முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி முழு இனத்துக்கும் ‘மேஜர்’ என்ற அறிவியல் பெயர் நிலைத்தது. ஆனால் ஆங்கிலப் பொதுப்பெயராகப் பல நூல்களில் நிலைத்ததோ ‘வெண்வயிற்று ஷார்ட்விங்’. அதாவது, அறிவியல் பெயர் வடக்குப் பறவையுடையது, பொதுப்பெயர் தெற்குப் பறவைக்குப் பொருந்துவது. இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் அச்சாயின. 2005இல் பமேலா ராஸ்முசெனும் ஜான் ஆண்டர்ட்டனும் தங்கள் தெற்காசியப் பறவைகள் நூலில் இரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தார்கள். உங்கள் பழைய கையேடு அதற்கு முற்பட்டது என்பது அதன் தலைப்பிலிருந்தே தெரிகிறது. எனவே 2005க்கு முந்தைய எந்தக் குறிப்பிலும் ‘வெண்வயிற்று ஷார்ட்விங்’ என்ற பெயரை மட்டும் கண்டு, அது தெற்கு இனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உதகையில் எழுதப்பட்டிருந்தால் அது வடக்கு இனமாகவே இருக்கும்.

பேரினப் பெயரும் ஓரிடத்தில் நிற்கவில்லை. முதலில் ஃபீனிக்யூரா, பிறகு கேலின், அதன்பின் நெடுங்காலம் பிராக்கிப்டெரிக்ஸ், கொஞ்சக் காலம் மயோமெலா என்று வீடு மாறி வந்தவை இவை. 2017இல் வி. வி. ராபினும் அவருடைய சக ஆய்வாளர்களும் மரபணுவை ஆராய்ந்து, இவை ஷார்ட்விங்கும் அல்ல, ராபினும் அல்ல, நில்டாவா முதலிய ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய தனிக்கிளை என்று காட்டி, ‘ஷோலிகோலா’ என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். ராபின் என்ற பெயருடையவரே ‘இவை ராபின்கள் அல்ல’ என்று நிறுவியது ஓர் இனிய தற்செயல். பொதுப்பெயராக அவர்கள் முன்வைத்த ‘சோலைக்கிளி’ நமக்குக் கொஞ்சம் இடறும். மலையாளத்தில் கிளி என்றால் எந்தச் சிறு பறவையும் ஆகும், நமக்கோ பச்சை உடலும் வளைந்த அலகும்தான் நினைவுக்கு வரும். ஆயினும் காட்டின் பெயரைச் சுமந்து நிற்கும் பெயர் என்பதால் நான் அதையே பயன்படுத்துகிறேன்.


பதில்: மேட்டுக்காடு

மூவருக்கும் வணக்கம். நான் சற்று மாறுபட்ட கருத்துடையவன். விலாவில் கொஞ்சம் செம்பழுப்பு இருக்கிறதா இல்லையா என்பதற்காக ஒன்றை இரண்டாக்குவதும், பிறகு அகத்தியமலைப் பறவையையும் தனியாக்கி இரண்டை மூன்றாக்குவதும், பார்வையாளர்களின் பட்டியலை நீட்டத்தான் உதவுகின்றன என்று தோன்றுகிறது. இரண்டும் சோலையின் தரையிலும் அடிப்புதரிலும் பூச்சி பொறுக்குபவை. இரண்டும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாக, ஏப்ரல் முதல் ஜூன் வரையில், மரப்பொந்திலோ ஓடைக்கரை மண்ணிலோ பாசியிட்டுக் கூடு கட்டுபவை. இரண்டும் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடுபவை. ஒரே மாதிரி வாழும் பறவை மலைக்கு மலை நிறம் சற்று மாறினால், அதைக் கிளையினம் என்று சொல்லிவந்த பழைய முறையில் என்ன குறை? இரண்டையும் ஓரிடத்தில் விட்டால் இணை சேருமா சேராதா என்று யாரேனும் பார்த்திருக்கிறார்களா?


பதில்: குறிஞ்சிப்புதர்

கேள்வி நியாயமானது, எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. இணை சேருமா என்று இயற்கையில் பார்க்க வழியே இல்லை, ஏனென்றால் இவை சந்திப்பதில்லை. சந்திக்காத இரண்டு கூட்டங்களை ஒரே இனம் என்பதா வேறு இனம் என்பதா என்ற முடிவில் எப்போதும் ஆய்வாளரின் மதிப்பீடு கலந்தே இருக்கும். ஆனால் இங்கே விலாவின் நிறம் மட்டும் சான்று அன்று.

நடுவில் இருப்பது பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இதைவிட அகலமான, ஆழமான இடைவெளி வேறில்லை. ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்துக்கு மலை இல்லாமல், கடல்மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரத்தில் வெயில் காயும் சமவெளி. கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போனவர்களுக்கு அந்த வெக்கையும் காற்றும் தெரியும். இந்தப் பறவையோ பெரும்பாலும் 1,000 மீட்டருக்கு மேல் குளிர்ந்த சோலையின் நிழலை விட்டு வெளியே வராதது. ஒரு புல்வெளியைத் தாண்டி அடுத்த சோலைக்குப் போகவே தயங்குவது. அதற்கு அந்த 30 கி.மீ. கடலுக்குச் சமம். 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு, கணவாயின் இரு பக்கத்துச் சோலைக்கிளிகளும் மிகத் தொன்மையான காலத்திலேயே பிரிந்துவிட்டவை என்று காட்டியது. 2015இல் இதே ஆய்வுக் குழுவினர் இந்தப் பறவையோடு நிறுத்தாமல், மலைக்காட்டுப் பறவைகளில் 23 இனங்களை, 9 இடங்களிலிருந்து 356 பறவைகளின் மரபணுவைக் கொண்டு ஒப்பிட்டார்கள். அவற்றில் 10 இனங்களில் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயில்தான் விழுந்திருந்தது. மீதி 13 இனங்களில் இத்தகைய கணவாய்ப் பிளவு தெரியவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மலைக்கு மலை எல்லாமே வேறு இனம் என்று யாரும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

சிலம்பன்களிலும் இதே கோடுதான் தெரிகிறது. நீலகிரியில் சிரிக்கும் சிலம்பனும் பழனி மலையில் சிரிக்கும் சிலம்பனும் வேறு வேறு இனங்கள். பழனி இனத்தின் அறிவியல் பெயரில் மேலே ஏட்டுச்சுவடி குறிப்பிட்ட ஃபேர்பேங்கின் பெயரே இருக்கிறது. ஒரே கணவாய் இரண்டு வெவ்வேறு குடும்பங்களை ஒரே இடத்தில் வெட்டியிருக்கும்போது, விலா நிறத்தைத் தற்செயல் என்று ஒதுக்குவது எனக்குக் கடினமாக இருக்கிறது.

பட்டியலை நீட்டுவதைப் பற்றிய உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் பிரித்ததால் விளைந்த வேறொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரே இனமாக இருந்தபோது குடகு, நீலகிரி முதல் அகத்தியமலை வரை பரவிய பறவை. பிரித்த பிறகு ஒவ்வொன்றுக்கும் மிஞ்சியது சில மலையுச்சிகளின் சோலைத் துண்டுகள். இன்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் நீலகிரி இனம் அருகிவிட்ட இனமாகவும், வெண்வயிற்று இனம் அழிவாய்ப்பு உள்ள இனமாகவும் இருக்கின்றன. சீகை மரமும் தைலமரமும் தேயிலையும் சோலைகளுக்கு இடையே நிறைந்துவிட்ட நீலகிரியில், ஒரு சோலைத் துண்டை இழப்பது எதை இழப்பது என்பது அந்தப் பிரிவினையால்தான் தெளிவாகத் தெரிந்தது.


பதில்: பழையநோட்டு

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. குறிஞ்சிப்புதர் கேட்டதற்காக நோட்டுகளைத் தேடி எடுத்தேன். எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்.

1996 மே: “தொண்டை, மார்பு கருநீலம். வயிற்றோரம் செங்கல் நிறம், நடுவில் வெள்ளை. நீண்ட சீழ்க்கை, இடையிடையே கரகரப்பு. பார்த்தது பத்து விநாடி, கேட்டது இருபது நிமிடம்.”

2003 ஜனவரி: “மேலே ஆழ்ந்த நீலம். நெடிய வெண்புருவம், கன்னம் கருப்பு. தொண்டையிலிருந்தே ஆரஞ்சு. வால் அடிக்கடி நடுங்குகிறது. கால் இளஞ்சிவப்பு. குரல் இல்லை.”

1999 டிசம்பர், மேல் கோதையார்: “நீலம், வயிறு வெள்ளை. மழை. வேறு எதுவும் தெரியவில்லை.”

இரண்டாவது குறிப்பை இப்போது படிக்கும்போது எனக்கே ஐயம் வருகிறது. அன்று எப்படி அதே பெயரை எழுதினேன் என்று புரியவில்லை.


பதில்: குறிஞ்சிப்புதர்

இதற்காகத்தான் மாதத்தைக் கேட்டேன் ஐயா. 1996 மே மாதக் குறிப்பு நீலகிரி சோலைக்கிளிதான். தொண்டையில் நீலம், வயிற்றோரத்தில் செங்கல் நிறம், இனப்பெருக்க காலத்துப் பாட்டு என்று மூன்றும் ஒத்துப்போகின்றன. ஆனால் 2003 ஜனவரியில் கண்டது சோலைக்கிளியே அல்ல. தொண்டையிலிருந்தே ஆரஞ்சு நிறம் தொடங்கி, நெடிய வெண்புருவமும் கருங்கன்னமும் இருந்தால் அது இந்திய நீல ராபினின் ஆண். இமயமலைப் பகுதியில் கோடையைக் கழித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் வந்து தங்கும் பறவை. அதுவும் அடிப்புதரில் மறைந்து, தரையில் தத்தி, நீலமும் செம்மையுமாகத் தெரிவதால், நீலகிரியில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். நானும் ஒரு குளிர்காலம் முழுவதும் குழம்பியிருக்கிறேன். வேறுபாட்டை ஒரே பார்வையில் தீர்ப்பது தொண்டை. தொண்டை நீலமாக இருந்தால் சோலைக்கிளி, ஆரஞ்சாக இருந்தால் வலசை வந்த ராபின். மே மாதத்தில் அந்த வலசைப் பறவை ஊர் திரும்பியிருக்கும்.

நெருங்கிய உறவுடைய இரண்டு சோலைக்கிளிகளையும் ஒருவர் ஒரே காட்டில் பார்க்கவே முடியாது. குழப்பத்தை உண்டாக்குவது எப்போதும் அவ்வளவு நெருக்கமில்லாத மூன்றாவது பறவைதான். இதே காரணத்தால், உங்கள் கேள்விக்கு ‘மலையின் பெயரைக் கொண்டே பிரித்துவிடலாம்’ என்று விடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையின் பெயர் இரண்டு சோலைக்கிளிகளைப் பிரிக்கும். கண்டது சோலைக்கிளியா என்பதை அது சொல்லாது. உங்கள் 2003 குறிப்பில் கோத்தகிரி என்ற பெயரை மட்டும் வைத்துத் திருத்தியிருந்தால், ராபினை நீலகிரி சோலைக்கிளியாக்கிப் பிழையை உறுதிப்படுத்தியிருப்போம். உயரம் குறைந்த காடுகளில் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானும் இதே சிக்கலைத் தரும். அதன் ஆணுக்கும் நீல மார்பும் வெள்ளை வயிறும் உண்டு, பெயரும் கிட்டத்தட்ட அதேதான்.


பதில்: ஏட்டுச்சுவடி

மேல் கோதையார்க் குறிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பகுதியில் வாழும் சோலைக்கிளிகளை அதே 2017 ஆய்வு ‘ஆஷம்புயென்சிஸ்’ என்ற தனி இனமாக விவரித்தது. பாலக்காட்டைவிடக் குறுகிய, ஆழம் குறைந்த கணவாய் அது. அங்குள்ள பிளவும் அதற்கேற்ப இளையது. எல்லாப் பறவைப் பட்டியல்களும் அதை ஒரே விதமாக நடத்துவதில்லை. மேட்டுக்காடு அவர்களின் தயக்கத்துக்கு இங்கே கூடுதல் இடம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிறத்தில் அது வெண்வயிற்று இனத்தையே ஒத்திருப்பதால், மழையில் எழுதிய அந்தக் குறிப்பிலிருந்து மேலே எதையும் பிழிந்தெடுக்க முடியாது. ‘சோலைக்கிளியாக இருக்கலாம், மேல் கோதையார்’ என்று எழுதி விட்டுவிடுங்கள்.

கோவைப் பக்கத்து நண்பர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. சிறுவாணி மலை கணவாய்க்கு வடக்கே இருக்கிறது. வால்பாறையும் நெல்லியாம்பதியும் தெற்கே. கோவையிலிருந்து ஒரே நாளில் இரண்டு பக்கமும் போய்வரலாம் என்பதால், பட்டியலில் பதியும்போது மாற்றிப் பதிந்துவிடும் வழக்கம் இருக்கிறது.


பதில்: மேட்டுக்காடு

23 இனங்களின் ஒப்பீடு எனக்குத் தெரியாத செய்தி; வடக்கு, தெற்கு என்ற இரண்டைப் பொறுத்தவரை என் எதிர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். அகத்தியமலையைப் பற்றி இன்னும் இல்லை. இன்னொன்று: இந்த வேறுபாட்டைப் படித்துவிட்டு, விலாவைப் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கைபேசியில் பாட்டை ஒலிக்கவிட்டுப் பறவையை வெளியே இழுக்க வேண்டாம் என்று புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஏப்ரலில் கூடு கட்டும் ஆண், எதிரி வந்துவிட்டான் என்று கூட்டை விட்டு நமக்காக ஓடி வருவது பார்க்க நன்றாக இருப்பதில்லை. ஓடைக்கரையில் அசையாமல் அரை மணி நேரம் உட்கார்ந்தால், மாலை மங்கும் வேளையில் தானாகவே பாதைக்கு வரும்.


பதில்: பழையநோட்டு

அப்படியே செய்துவிட்டேன். 1996க்கு ‘நீலகிரி சோலைக்கிளி’. 2003க்கு ‘இந்திய நீல ராபின், ஆண்’. சென்ற மாதக் கொடைக்கானலுக்கு ‘வெண்வயிற்றுச் சோலைக்கிளி’. மேல் கோதையாருக்கு எதிரே ஏட்டுச்சுவடி சொன்ன வரி. பழைய பெயர்களை அழிக்காமல், மேலே ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கிறேன். இன்னும் இருபது ஆண்டுகளில் யாராவது மறுபடி திருத்த வேண்டியிருந்தால் அடியில் எழுதியிருப்பது படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா. வரும் மே மாதம் லாங்வுட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இந்தத் தடவை விலாவைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.